நாளைக்குக் கிராம சபையில எழுந்து நிக்கணும், அக்கா

என் பாடத்தையெல்லாம் என்னைவிட நல்லாக் கேட்ட அக்காவுக்கு,

பயமா இருக்குக்கா. எடுத்த எடுப்புல இதைத்தான் சொல்லணும்னு தோணுது. நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கலாம்னா, போனவங்களை அப்படிக் கேக்கலாமான்னு தெரியல. காலையில அம்மா காபி குடுத்தாங்க, டம்ளர் கையில நிக்கல, மேசையில வெச்சுக் குனிஞ்சு உறிஞ்சினேன். நாளைக்குக் காலையில ஊர்ல கிராம சபை. நான் எழுந்து நிக்கணும்.

நீ இருந்தா சிரிச்சிருப்ப. "ஏட்டி, நீதான ராச்சியம் ஆளப் படிக்க? பேசதுக்குத்தான காலேஜுக்கு அனுப்புதாங்க?"ன்னு கேட்டிருப்ப. அந்தச் சிரிப்பு இப்ப வேணும்போல இருக்கு.

இதை உனக்குத்தான் எழுதுறேன். ஆனா நாலு பேரு படிக்கிற இடத்துல போடப் போறேன். அதனால உனக்குத் தெரிஞ்சதையே திருப்பிச் சொல்ற மாதிரி இருக்கும், கோச்சுக்காத. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல எங்க ஊரு. கம்பெனிங்களுக்காக நெலம் எடுத்தப்ப வந்த காசுல அப்பா வூட்டுக்குப் பின்னாடி வரிசையா ரூம் கட்டி, வேலைக்கு வந்த தெக்கத்திப் பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டாரு. நீ கோவில்பட்டிப் பக்கத்துலேர்ந்து வந்த. செல்போனுக்குப் பாகம் பூட்டுற லைன்ல உனக்கு வேலை. நான் தண்டலம் பக்கத்துக் காலேஜ்ல பி.ஏ. அரசியல் அறிவியல். உன் ரூம் வாசல்ல நீ சின்ன வெங்காயம் உரிப்ப, நான் பக்கத்துல ஒக்காந்து பரிட்சைக்குச் சத்தமாப் படிப்பேன். தூங்க வேண்டிய நேரத்துல கண்ணு சொக்கச் சொக்கக் கேட்டுக்கிட்டு இருப்ப.

எங்க வூட்டுல ஒருத்தரும் நான் இன்னா படிக்கிறேன்னு கேட்டதில்ல. மாமா வந்தா மட்டும், "இன்னா தலைவரே, எப்ப எலக்ஷன்ல நிக்கப் போற?"ன்னு கும்பிடு போட்டுக் கலாய்ப்பாரு. நீதான் விடாம கேப்ப. அரசியல் கோட்பாடு தாள்ல மொதப் பாடமே பயம். மனுசங்க ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துதான் அரசுன்னு ஒண்ணை ஏற்படுத்திக்கிட்டாங்கன்னு நான் உருப்போட்டுக்கிட்டு இருந்தேன். நீ கத்தியைக் கீழ வெச்சுட்டு, "எங்க ஊர்ல அரசுக்குத்தாம்ட்டி பயப்படுவாக"ன்ன. அடிப்பாவி, அதை அப்படியே வகுப்புல சொல்லிட்டேன். மேடம் சிரிச்சு முடிக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

உத்திரமேரூருக்கு மேடம் எங்களைக் கூட்டிட்டுப் போனது ஞாபகம் இருக்கா? குடவோலைக் கல்வெட்டு. எங்க மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு அது ஒரு பெருமை. எந்தத் தாள்லயாவது ஒரு கேள்வி அதுலேர்ந்து வந்துடும். திரும்பி வந்து உங்கிட்ட உதாரு விட்டேன், அந்தக் காலத்துலயே ஓலையில பேரு எழுதிக் குடத்துல போட்டுத் தேர்ந்தெடுத்தாங்கன்னு. யாரு பேரை எல்லாம் போடலாம்னு கேட்ட. வரி கட்டுற நெலம் இருக்கணும், சொந்த மனையில கட்டின வூட்டுல இருக்கணும்னு படிச்சதைச் சொன்னேன். "அப்பவும் வாடகைக்கு இருக்கவுகளுக்குப் பேரு கெடையாதா?"ன்ன. நான் பேச்சை மாத்திட்டேன்.

அதுக்கப்புறம் உள்ளாட்சி பத்தின தாள் வந்துச்சு. வகுப்புலயே கிராம சபை நடத்திக் காட்டணும்னு மேடம் சொன்னாங்க. ஊர்லேர்ந்து வர்றவன்னு என்னைத் தலைவரா ஒக்கார வெச்சாங்க. பசங்க தண்ணி வரலன்னு கத்தினாங்க, நான் மேசையத் தட்டினேன், தீர்மானம் ஒருமனதா நிறைவேறிச்சு, எல்லாரும் கேன்டீனுக்குப் போயிட்டோம். ஜாலியாத்தான் இருந்துச்சு. உள்தேர்வுல, கிராம சபையின் உறுப்பினர்கள் யாருன்னு கேள்வி. கிராமத்தில் வாழும் மக்கள் அனைவரும்னு எழுதினேன். மேடம் அடிச்சுட்டு, சிவப்பு மையில, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும்னு எழுதியிருந்தாங்க. நான் போய்ச் சண்டை போட்டேன். அவங்க சட்டத்தை எடுத்துக் காட்டினாங்க. சரியாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கு உங்கிட்ட வந்து புலம்பினேன். வெங்காயம் உரிக்கிறதை நிறுத்திட்டு என்னையே பாத்த. "அப்ப நான் இந்த ஊர்ல யாருட்டி?" இங்க தண்ணி புடிக்கிற, இங்க சமைக்கிற, இங்க காய்ச்சல்ல படுக்குற. ஓட்டு மட்டும் உன் ஊர்ல. அதைப் போடக்கூடக் கம்பெனிக்காரன் லீவு குடுக்க மாட்டேங்குறான்னு சொன்ன. சரி, உன் பேரை இங்க மாத்திடலாம்னு கிளம்பினேன். படிச்ச படிப்பு எதுக்காவது உதவட்டும்னு ஒரு வேகம்.

குடியிருக்கிறதுக்கு அத்தாட்சி வேணும். அப்பா சாப்பிடறப்ப, வாடகை ஒப்பந்தம் போட்டுக் குடுங்கப்பான்னு போய்க் கேட்டேன். அப்பா குரலை ஒசத்தவே இல்ல. "இன்னா பேசுற நீ? இவங்களுக்கெல்லாம் இங்க ஓட்டு வந்துச்சுன்னு வெச்சுக்க, நம்ம ஊர்ல நம்ம யாரு? நெலம் பூட்ச்சு. பஞ்சாயத்தும் பூடணுமா?" எங்க பக்கத்துல ரூம் விடுற யாருமே எழுதிக் குடுக்கறதில்லன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. அது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. வாயாலதான் எல்லாம். ரூமுக்கே பிளான் அப்ரூவல் இல்ல, ஒப்பந்தம் எங்கேர்ந்து போடறது? அப்பா கண்ணுல அன்னைக்கு நான் பாத்தது கோவமில்லக்கா. அவருக்கும் பயம்தான். பெரும்பான்மை, சிறுபான்மைன்னு நாங்க பாடத்துல பக்கம் பக்கமாப் படிச்சது எங்க அப்பாவோட சோத்துத் தட்டுக்கு எதிர்ல ஒக்காந்திருந்துச்சு.

நீ, "விடுட்டி, ஓட்டு இல்லேன்னா சோறு எறங்காதா?"ன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்ட.

போன மழைக்காலத்துல அது நடந்துச்சு. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்த கம்பெனி பஸ்ஸு எப்பவும்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறக்கிவிட்டுச்சு. ஊரு இந்தப் பக்கம். விடியறதுக்கு முன்னாடி, தூறல் வேற. அங்க ஒரு கம்பம் இருக்கு, லைட்டு எரிஞ்சு யாரும் பாத்ததில்ல. கன்டெய்னர் லாரிக்காரன் உன்னைப் பாக்கவே இல்லைன்னு சொன்னான். நெஜமாத்தான் இருக்கும். அந்த இடத்துல யாரு யாரைப் பாக்க முடியும்? நான் ஓடி வந்தப்ப உன் சாப்பாட்டு டப்பா ரோட்டு நடுவுல கெடந்துச்சு. அதை எடுக்கணும்னு எனக்குத் தோணல. அப்படியே நின்னுட்டேன்.

போலீஸ் வந்து அப்பாவைக் கேட்டாங்க, இந்தப் பொண்ணு யாருன்னு. "சொந்தக்காரப் பொண்ணு சார், ரெண்டு நாள் தங்க வந்துச்சு"ன்னு அப்பா சொன்னாரு. வாடகைக்கு இருக்காங்கன்னு சொன்னா ரூம் கதை வெளிய வரும். நான் பக்கத்துலதான் இருந்தேன். அதே அப்பாதான் ஆம்புலன்ஸ்ல உன் ஊரு வரைக்கும் கூட வந்தாரு. உங்க அம்மா கால்ல விழுந்து அழுதாராம். திரும்பி வந்து குளிச்சுட்டுச் சாப்பிடாமப் படுத்துக்கிட்டாரு. நல்லவரா கெட்டவரான்னு ஒரே வார்த்தையில எழுதச் சொன்னா என்னால முடியாதுக்கா.

ஊர்ல உன் பேச்சு சீக்கிரமே அடங்கிடுச்சு. உன் விலாசம் வேற மாவட்டம். அதனால எங்க பஞ்சாயத்துக்காரங்க கணக்குல அந்த ரோட்டுல யாரும் சாகல.

இப்பத்திய சேதி சொல்றேன். பஸ்ஸு இன்னும் அந்தப் பக்கம்தான் நிக்குது. கம்பத்துல லைட்டு இன்னும் இல்ல. உன் கட்டில்ல வேற பொண்ணு வந்துடுச்சு, ராமநாதபுரம், வாயே தொறக்காது. பொண்ணுங்க இப்ப கையைக் கோத்துக்கிட்டு வரிசையா ரோட்டைத் தாண்டுறாங்க. காலேஜ் பஸ்ஸு புடிக்க நானும் அங்கதான் தாண்டுறேன். ஒவ்வொரு நாளும் பாதி ரோட்டுல காலு கல்லாயிடுது. பின்னாடி வர்றவங்க தள்ளிவிட்டாத்தான் நகருது. உனக்குச் சிரிப்பா இருக்கும்.

அந்த ரோடு யாருதுன்னு ஒருவாட்டி நீ கேட்டப்ப, அரசியல் சட்டத்தோட ஏழாவது அட்டவணையை ஒப்பிச்சேன், மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு. "பட்டியல் கெடக்கட்டும், பல்பை யாரு மாட்டுவா?"ன்ன. இப்பக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ரோடு நெடுஞ்சாலைத் துறையோடது. லைட்டு பஞ்சாயத்து. வேகத்தடையோ சிக்னலோ வேணும்னா, கிராம சபையில தீர்மானம் போட்டு மேல அனுப்பினா காரியம் நகர வாய்ப்பு உண்டுன்னு மேடம் சொன்னாங்க. தீர்மானம் வேணும்னா சபையில யாராவது எழுந்து கேக்கணும். பட்டியல்ல பேரு இருக்கிறவங்க. பொண்ணுங்க யாருக்கும் இங்க பேரு இல்ல. எனக்கு இருக்கு.

ஆனா நம்ம சபை எப்படி நடக்கும்னு பாத்திருக்கேனே. புராஜெக்டுக்காக ஒருவாட்டி போய் ஒக்காந்தேன். பெரியப்பாதான் தலைவர், அப்பாவோட கூடப் பொறந்த அண்ணன். யாராவது எழுந்தா, "ஒக்காரும்மா, அப்பால பேசிக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு. அந்த அப்பால வந்ததே இல்ல. வகுப்புல மேசையத் தட்டினவ நான். அங்க போனப்ப அதே நான்தான் தூணுக்குப் பின்னாடி ஒக்காந்திருந்தேன்.

இருந்தாலும் பேசிடறதுன்னு முடிவு பண்ணி அப்பாகிட்ட சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு கையை எடுத்துட்டாரு. "பேசு. அந்தப் பொண்ணு பேரை எடுத்தா, யாரு வூட்டுல இருந்துச்சுன்னு கேப்பான். ஆபீசர் வருவான். அவன் வந்து சீல் வெக்கிறதுக்கு முன்னாடி நானே எல்லாத்தையும் காலி பண்ணிட்டுப் பூட்டிடறேன்." மெரட்டல் மாதிரி சொல்லலக்கா. கணக்குப் போட்டுச் சொல்ற மாதிரி சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்கிக்குவேன். இத்தனை பொண்ணுங்க பொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போவாங்க?

அப்பத்தான் புரிஞ்சுது, நான் அவங்களை ஒரு வார்த்தை கேக்கவே இல்லைன்னு. யாருக்காகப் பேசுறோமோ அவங்க சம்மதம் வேணாமா? மூணு வருஷமா அதைத்தானே படிச்சேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் ரூம்ல இருந்தாங்க. அப்பா சொன்னதை மறைக்காம சொன்னேன். ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாத்தாங்க. மதுரைக்கார ஜெயாக்காதான் அங்க மூத்தவங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதையே எல்லாரும் சொல்லிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னா அது ஓட்டே இல்ல. ரகசியமா இருக்கணும்னு சொன்னேன். சீட்டு எழுதினா கையெழுத்து தெரிஞ்சிடும்னாங்க.

கடைசியில குக்கரை எடுத்து அடுப்படி மூலையில வெச்சோம். பக்கத்துல துவரம்பருப்பு ஒரு கிண்ணம், உளுந்து ஒரு கிண்ணம். பேசலாம்னா துவரை, வேணாம்னா உளுந்து. ஒவ்வொருத்தியாப் போய் ஒண்ணைப் போட்டுட்டு மூடிட்டு வரணும். "ஓட்டுப் போட்டுட்டு அப்படியே விசில் வெச்சுடலாமா?"ன்னு ஒருத்தி கேட்டா, எல்லாரும் சிரிச்சோம். ராமநாதபுரத்துப் பொண்ணு உள்ள போயிட்டு ரொம்ப நேரம் வரவே இல்ல. அதோட ஆயுசுல மொத ஓட்டாம்.

தொறந்து பாத்தேன். எண்ணவே தேவைப்படல. வெள்ளையாத்தான் கெடந்துச்சு. மஞ்சளா ஒண்ணு ரெண்டு.

உளுந்து ஜெயிச்சுதுக்கா. உன்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவங்க, உனக்காக நெஞ்சுல அடிச்சு அழுதவங்க, பேச வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கோவமே வரல. ஒண்ணு சொல்றேன், திட்டாத. அந்த உளுந்தைப் பாத்ததும் உடம்பெல்லாம் லேசாச்சு. அப்பாடா, நான் எழுந்து நிக்க வேணாம்னு. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட இருக்கல. அடுத்த ஷிப்டுக்கு ஒருத்தி யூனிபார்மை மாட்டிக்கிட்டுக் கிளம்பினா. ரோட்டுப் பக்கம்தான் போனா.

போன செமஸ்டர்ல பத்து மார்க் கேள்வி ஒண்ணு வந்துச்சு. மக்கள் பிரதிநிதி மக்கள் சொன்னதை மட்டும் சொல்லணுமா, தனக்குச் சரின்னு பட்டதைச் செய்யணுமா? ரெண்டு பக்கமும் நியாயம் எழுதி, முடிவுரையில ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி வேணும்னு முடிச்சேன். நல்ல மார்க்குதான். இப்ப அந்தக் குக்கருக்கு எதிர்ல ஒக்காந்துகிட்டு, அந்த நடு வழி எங்கடின்னு என்னையே கேட்டுக்கிட்டேன். அழுகை வந்துச்சு. அங்கேயே அழுதேன்.

ஜெயாக்கா பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க. "அழுகாத. நீ பேசக்கூடாதுன்னா சொன்னோம்? எங்களைப் பத்திப் பேச வேணாங்குறோம். நீயும் அந்த ரோட்டுலதானே போற? ஒன் பேரு லிஸ்டுல இருக்குல்ல, ஒனக்கு வேணும்னு கேளு. லைட்டைக் கேளு, வேகத்தடையைக் கேளு. எங்க பேச்சை எடுக்காத." அப்பறம் மெதுவாச் சொன்னாங்க, "அவ பேச்சையும் எடுக்காத." சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. மத்தவங்ககிட்டயும் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க.

அப்பாகிட்ட போனேன். ரூம் பேச்சு வராது, பொண்ணுங்க பேச்சு வராது, அக்கா பேரு வராது, ரோட்டுக்கு வேண்டியதை மட்டும் கேக்கட்டுமான்னேன். எழுந்து போய்த் தண்ணி மோட்டாரை நிறுத்திட்டு வந்தாரு. அப்பறம், "வராதுன்னா கேளு. ரூமைத் தொட மாட்டேன்"னாரு. நானும் உங்கூட வரேன்னு சொல்லல. வர மாட்டேன்னும் சொல்லல.

அதனாலதான் இந்தக் கடுதாசியிலயும் எங்க ஊரு பேரு இல்ல, உன் பேரும் இல்ல. ஜெயாங்கறதும் மாத்தின பேருதான். உன் பேரு எவ்வளவு நல்ல பேரு. எழுத வந்து வந்து கை நிக்குது.

இப்ப என் பயம் எதுன்னு சொல்லிடறேன். கூட்டத்தைப் பாத்துப் பயமில்ல. பெரியப்பா ஒக்காரச் சொன்னா ஒக்கார மாட்டேன், அதுக்கு மனசைத் தயார் பண்ணிட்டேன். ஆனா அவரு ஒண்ணு கேப்பாரு. கட்டாயம் கேப்பாரு. "இத்தினி வருசமா இல்லாத லைட்டு இப்ப இன்னாத்துக்கும்மா? அங்க அப்படி இன்னா ஆயிப் போச்சு?" கேட்டுட்டுச் சபையைச் சுத்திப் பாப்பாரு. அங்க ஒக்காந்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். உன் ரத்தத்து மேல மண்ணைக் கொட்டினவரே முன் வரிசையில இருப்பாரு. ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க. எல்லாரும் என்னைப் பாப்பாங்க. உன் பேரைச் சொன்னா பொண்ணுங்களுக்கு வூடு போவும். அவங்க ஓட்டுப் போட்டுச் சொன்னதை மிதிச்ச மாதிரியும் ஆவும். சொல்லலன்னா, நீ செத்த எடத்தைப் பத்தி, யாருமே சாகாத எடம் மாதிரி நான் பேசிக்கிட்டு நிக்கணும். அதை எப்படிக்கா பண்றது? உனக்கு இப்ப ஏதாவது சொல்ல முடியுமா? ஒரு வார்த்தை?

சரி. நீ சொல்ல மாட்ட. நானே சொல்றேன், கேட்டுக்க.

நாளைக்கு நான் எழுந்து நிப்பேன். லைட்டு வேணும், வேகத்தடை வேணும், பஸ்ஸுங்க எல்லாம் இந்தப் பக்கம் நிக்கணும்னு கேப்பேன். ஏன்னு கேட்டா, "தெனமும் அங்க தாண்டுறேன் பெரியப்பா, எனக்குப் பயமா கீது"ன்னு சொல்லுவேன். அது பொய்யில்ல. யாரும் அதை இல்லைன்னு சொல்ல முடியாது. தீர்மானம் எழுதற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு நிப்பேன். பொண்ணுங்களுக்குக் குடுத்த வாக்குப்படி உன் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஒரு வாக்குக் குடுக்கறேன். அங்க என்ன ஆச்சுன்னு பெரியப்பா எத்தனை வாட்டி கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், ஒண்ணும் ஆகலன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்.

உன் கூடப் பொறக்காத,
உன் தங்கச்சி